இடைநிலை இல்லாத காட்சி: ‘டோன்ட் லுக் நௌ’ திரைப்படத்தில் துயரும் காலமயக்கமும்

பேய்ப் படங்கள் குறித்த அண்மைக்காலத் திறனாய்வில் ஒரு வாய்பாடு நிலைபெற்று வருகிறது. திரையில் தோன்றும் பேயைப் பேய் எனக் கொள்ளாது, கதைமாந்தர் நெஞ்சில் ஆறாது கிடக்கும் துயரின் உருவகம் எனக் கொள்ளுதலே அவ்வாய்பாடு. ஜெனிஃபர் கென்ட் இயக்கி 2014ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி பாபடூக்’ என்னும் ஆஸ்திரேலியத் திரைப்படம் இவ்வகை வாசிப்பிற்குப் பெரிதும் இடமளித்தது. மகப்பேற்றிற்காக மனைவியை மருத்துவமனைக்குக் காரில் அழைத்துச் செல்லும் வழியில் கணவன் விபத்தில் இறக்கிறான். மகன் பிறந்த நாளும் கணவன் இறந்த நாளும் ஒன்றாகிவிடுகின்றன. ஆண்டுகள் சில கழிந்தபின், ஒரு படக்கதைப் புத்தகத்தின் வழியே அவ்வீட்டினுள் நுழையும் கரிய உருவம் தாயையும் மகனையும் அலைக்கழிக்கிறது. இறுதியில் அது அழிக்கப்படுவதில்லை, நிலவறையில் அடைக்கப்படுகிறது, அதற்கு மண்புழுக்கள் உணவாக இடப்படுகின்றன. துயரை ஒழிக்க இயலாது, அதற்கோர் இடம் ஒதுக்கி அதனோடு வாழலாம் என்னும் பொருளைக் கதையே சுட்டுவதால், அங்கே உருவக வாசிப்பு பொருந்துகிறது.

ஒரு படத்திற்குப் பொருந்தியதை எல்லாப் படங்களுக்கும் உரிய திறவுகோலாகக் கொள்ளும்போதுதான் சிக்கல் எழுகிறது. நிக்கோலஸ் ரோக் இயக்கி 1973இல் வெளிவந்த ‘டோன்ட் லுக் நௌ’ என்னும் பிரித்தானிய–இத்தாலியத் திரைப்படம் இதற்குத் தக்க சான்று. மகளை இழந்த பெற்றோரின் துயரைப் பேசும் அப்படத்தில் வரும் சிவப்பு உருவத்தைத் தந்தையின் துயரின் உருவகம் எனக் கூறிவிடுதல் எளிது. அவ்வாறு கூறப்பட்டும் வருகிறது. ஆயினும் அவ்வாசிப்பு, கதையில் வரும் தந்தை செய்யும் பிழையைத் திறனாய்வாளரும் செய்வதாகவே முடிகிறது. தந்தையும் அவ்வுருவத்தைத் தன் இழப்பின் வடிவமாகவே கண்டான். அதனாலேயே அவன் உயிர் போயிற்று. இக்கட்டுரை இக்கருத்தை விளக்கித் தமிழ் இலக்கண மரபின் ‘காலமயக்கம்’ என்னும் கருத்தாக்கம் இப்படத்தைப் புரிந்துகொள்ள எவ்வாறு துணைசெய்கிறது எனக் காட்ட முற்படுகிறது.

கதையும் படமும்

டாஃப்னே டு மோரியர் எழுதி 1971இல் வெளியான சிறுகதையே படத்தின் மூலம். தலைப்பாக அமைந்த ‘இப்போது பார்க்காதே’ என்னும் தொடர், உணவகத்தில் எதிரே அமர்ந்திருக்கும் இரு மூதாட்டியரைப் பற்றிக் கணவன் மனைவியிடம் கூறும் வேடிக்கைப் பேச்சின் தொடக்கம். சிறுகதையில் குழந்தை மூளைக்காய்ச்சலால் முன்னரே இறந்துவிடுகிறது; பெற்றோர் மனமாற்றத்திற்காக வெனிஸ் நகருக்குச் சுற்றுலா வந்துள்ளனர். படத்தில் இவ்விரண்டும் மாற்றப்பட்டுள்ளன. குழந்தை கிறிஸ்டீன் இங்கிலாந்தின் நாட்டுப்புற வீடொன்றின் குளத்தில் மூழ்கி இறப்பதைப் பார்வையாளர் நேரிற் காண்கின்றனர். தந்தை ஜான் பாக்ஸ்டர் பழைய தேவாலயத்தைப் புதுப்பிக்கும் பணிக்காக வெனிஸில் தங்கியிருக்கிறான். நோய்க்குப் பதிலாக நீரையும், சுற்றுலாவிற்குப் பதிலாகத் தொழிலையும் வைத்தது சிறிய மாற்றமன்று. மகளைக் கொன்ற நீரே வீதியாக ஓடும் ஊரில், சிதைந்ததைச் செப்பனிடுதலையே தொழிலாகக் கொண்ட ஒருவன் நடமாடுகிறான். டொனால்ட் சதர்லாண்ட் ஜானாகவும் ஜூலி கிறிஸ்டி அவன் மனைவி லாராவாகவும் நடித்துள்ளனர்.

உணவகத்தில் சந்திக்கும் இரு சகோதரியருள் பார்வையற்றவளாகிய ஹெதர், இறந்த குழந்தை பெற்றோர் இருவரிடையே சிவப்பு மழையங்கியோடு சிரித்தவாறு அமர்ந்திருக்கக் கண்டதாக லாராவிடம் கூறுகிறாள். லாரா மயங்கி விழுகிறாள். மருத்துவமனையில் கண்விழிக்கும்போது, மாதக்கணக்கில் காணாத தெளிவு அவள் முகத்தில் காணப்படுகிறது. ஜான் இதை நம்ப மறுக்கிறான். வெனிஸில் இருக்கும்வரை அவன் உயிருக்கு ஊறு உண்டு என மகள் எச்சரிப்பதாக ஹெதர் மீண்டும் கூறுகிறாள். அந்நிலையில் இங்கிலாந்திலுள்ள விடுதிப் பள்ளியில் மகனுக்கு அடிபட்டதாகச் செய்தி வர, லாரா விமானத்திற் புறப்படுகிறாள். ஊரில் தொடர்கொலைகள் நிகழ்கின்றன. கால்வாயிலிருந்து பிணம் எடுக்கப்படுகிறது. சந்துகளிலும் பாலங்களிலும் சிறிய சிவப்பு உருவம் ஒன்று ஓடி மறைவதை ஜான் அவ்வப்போது காண்கிறான். இறுதியில் அதைப் பின்தொடர்ந்து பாழ்மனை ஒன்றினுட் செல்கிறான். அவ்வுருவம் திரும்புகிறது. அது குழந்தையன்று, குள்ள உருவமுடைய முதிய பெண், ஊர் தேடும் கொலையாளி. அவள் கையிலுள்ள வெட்டுக்கத்தி ஜானின் கழுத்திற் பாய்கிறது.

கதையை இவ்வாறு தொகுத்தால் திகில் கதைகளுள் ஒன்றாகவே அது தோன்றும். படத்தின் பெருமை கதையில் இல்லை. காட்சிகள் அடுக்கப்பட்ட முறையில் உள்ளது. ரோக் இயக்குநராவதற்கு முன் ஒளிப்பதிவாளராக விளங்கியவர். ரோஜர் கார்மன் இயக்கிய ‘தி மாஸ்க் ஆஃப் தி ரெட் டெத்’ (1964) படத்திற்கு ஒளிப்பதிவு செய்தவர் அவரே. செவ்வாடை அணிந்த சாவு அப்படத்திலும் நடமாடுகிறது. ஒன்பது ஆண்டுகள் கழித்துத் தாமே இயக்கிய படத்தில் அச்சிவப்பைக் குழந்தை ஒன்றின் மழையங்கிக்கு உரியதாக்கினார்.

தொடக்கக் காட்சியைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். வெளியே குழந்தைகள் விளையாடுகின்றனர். உள்ளே ஜான், தான் புதுப்பிக்க இருக்கும் தேவாலயத்தின் ஒளிப்படச் சில்லு ஒன்றை ஆராய்கிறான். அதில் இருக்கையொன்றில் சிவப்பு முக்காடிட்ட உருவம் முதுகு காட்டி அமர்ந்திருக்கிறது. லாரா புத்தகம் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருக்கிறாள்: உலகம் உருண்டையாயின் உறைந்த ஏரி ஏன் தட்டையாக இருக்கிறது என மகள் கேட்ட வினாவிற்கு விடை தேடுகிறாள். தோற்றம் ஒன்றும் உண்மை வேறுமாக இருப்பதைப் பற்றிய அவ்வுரையாடல், உறைந்த நீரைப் பற்றியதாகத் தொடங்கிப் படம் முழுமைக்கும் பாயிரமாகிவிடுகிறது. மகன் ஓட்டும் மிதிவண்டி கண்ணாடித் தகட்டின் மீது ஏறி அதை உடைக்கிறது. உள்ளே குவளை கவிழ்கிறது. சில்லின் மீது நீர் படுகிறது. முக்காட்டின் சிவப்பு குருதிபோற் கசிந்து வளைந்து பரவுகிறது. எவரும் அழைக்கும் முன்னரே ஜான் எழுந்து வெளியே ஓடுகிறான். குளத்திலிருந்து மகளின் உடலை ஏந்தி எழும்போது அவன் தொண்டையிலிருந்து வரும் ஒலி மனித மொழிக்குரியதன்று. அவ்வுடலைக் கண்டு லாரா இடும் அலறல் முடியும் முன்னரே, வெனிஸில் சுவரைத் துளைக்கும் எந்திரத்தின் ஓசையாக அது மாறிவிடுகிறது. இடையில் கழிந்த நாள்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அடக்கம் இல்லை, ஆறுதல் சொல்வோர் இல்லை, அலறலும் துளையும் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன.

இக்காட்சியில் பலரும் கவனிக்காது விடும் செய்தி ஒன்று உண்டு. சில்லிலுள்ள சிவப்பு உருவம் கிறிஸ்டீனுடையது அன்று. அது வெனிஸ் தேவாலயத்தில் அமர்ந்திருக்கும் உருவம்; ஜானின் வருங்காலத்திற்குரியது. மகளின் சாவும் தந்தையின் சாவும் ஒரே நிறத்தில், ஒரே கணத்தில், ஒரே மனிதனின் கண்முன் தோன்றுகின்றன. அவனுக்குக் குறி முறையாகவே கிடைத்தது. அவன் அதிற் பாதியைப் படித்தான். படித்த பாதிக்கு ஏற்பக் குளத்திற்கு ஓடினான். எஞ்சிய பாதி படிக்கப்படாமலே கிடந்தது.

காலமயக்கம்

தமிழ் வினைச்சொல் காலத்தை இடைநிலையால் உணர்த்தும். வந்தான், வருகிறான், வருவான் என்னும் மூன்றிலும் பகுதியும் விகுதியும் ஒன்றே. இடையில் நிற்கும் உறுப்பே இறந்ததையும் நிகழ்வதையும் எதிர்வதையும் பிரிக்கிறது. திரைக்காட்சிக்கு இத்தகைய உறுப்பு இல்லை. ஒருவன் நடந்து வரும் காட்சி, அவன் நேற்று வந்ததையும் காட்டலாம். நாளை வரப்போவதையும் காட்டலாம். காட்சியளவில் இரண்டும் நிகழ்காலமே. மங்கி மறைதல், நிறமாற்றம், பின்னணிக் குரல், ஆண்டைக் குறிக்கும் எழுத்து முதலிய புறக்குறிகளால் திரைப்படம் இக்குறையை ஈடுசெய்து வந்துள்ளது. ரோக் இக்குறிகள் அனைத்தையும் நீக்கிவிட்டார். பின்னர் நிகழ்வதும் முன்னர் நிகழ்ந்ததும் எவ்வித அறிவிப்புமின்றி நடப்பதன் ஊடே வந்து நிற்கின்றன.

தொல்காப்பிய வினையியல் காலமயக்கத்தை அறிந்திருக்கிறது. விரைவு காரணமாகவும் தெளிவு காரணமாகவும், இனி நிகழவேண்டியதை நிகழ்ந்துவிட்டதாகக் கூறுதலை அது வழுவமைதியாக ஏற்கிறது. உண்டு முடிக்காதவன், தன்னை அழைத்து நிற்பவனிடம் உண்டுவிட்டதாகவும் புறப்பட்டுவிட்டதாகவும் கூறுதல் விரைவிற்கு உரையாசிரியர் காட்டும் சான்று. தெளிவிற்கு அவர்கள் காட்டும் சான்று இன்னும் நோக்கத்தக்கது: எறும்பு முட்டையைச் சுமந்து மேடான இடத்தில் ஏறுவதைக் கண்டவன், இனிப் பெய்யவிருக்கும் மழையைப் பெய்ததாகவே கூறுவான். எறும்பின் செயல் ஒரு நிமித்தம். எதிர்காலத்தை இறந்தகாலத்தாற் கூறும் உரிமையை இலக்கணம் நிமித்தம் அறிந்தவனுக்கே அளிக்கிறது. இலக்கண உரையினுள் சோதிடம் புகுந்துவிட்டதே எனச் சிலர் வியக்கலாம். மொழியை வழங்கும் மக்களின் அறிவை உரையாசிரியர் விலக்கிவைக்கவில்லை என்பதே அதன் பொருள்.

வழுவிற்கும் வழுவமைதிக்கும் இடையிலுள்ள வேறுபாடு அறிவைப் பொறுத்தது. மழை பெய்தது என்பவன் அது இன்னும் பெய்யவில்லை என்பதை அறிவான், கேட்பவனும் அறிவான். இருவர்க்கும் தெரிந்த மயக்கமாதலின் அது அமைதி. ‘டோன்ட் லுக் நௌ’ படத்தில் மயக்கம் இரு தளங்களில் நிகழ்கிறது. இயக்குநர் செய்வது வழுவமைதி. காலங்களைக் கலந்தாலும் எது எக்காலத்தது என்பதை அவர் அறிவார். ஜான் செய்வதோ வழு. அவன் காண்கிறான், காண்பதன் காலத்தை அறியான்.

இதற்குப் படகுக் காட்சி தெளிவான சான்று. லாரா இங்கிலாந்திற்குப் புறப்பட்டுச் சென்றபின், கால்வாயில் எதிரே வரும் படகொன்றில் அவள் கறுப்புடை அணிந்து இரு சகோதரியருடன் நிற்பதை ஜான் காண்கிறான். பெயர் சொல்லிக் கூவுகிறான். அவள் திரும்பவில்லை, படகு சென்றுவிடுகிறது. மனைவியைச் சகோதரியர் மயக்கிக் கொண்டுசென்றனர் எனக் கருதி அவன் காவல் நிலையம் செல்கிறான். ஹெதரைக் காவலர் பிடித்து வைக்கின்றனர். பள்ளிக்குத் தொலைபேசியில் பேசும்போது மறுமுனையில் லாராவின் குரலே கேட்கிறது. அவன் கண்டது பொய்யன்று. அது அவனது சவ ஊர்வலம். கணவனை இழந்த லாராவை அவன் முன்னதாகவே கண்டுவிட்டான். எதிர்காலக் காட்சியை நிகழ்காலமாகப் படித்ததனால், தன்னைக் காக்க முயன்ற பார்வையற்ற பெண்ணைச் சிறைப்படுத்தினான்.

சிவப்பு உருவத்தைப் பற்றியும் இதுவே கூறத்தக்கது. ஆனால் அங்கே மயக்கத்தின் திசை வேறு. படகில் எதிர்காலத்தை நிகழ்காலம் என எண்ணினான். சந்தில் ஓடும் சிவப்பை இறந்தகாலம் என எண்ணுகிறான். இழந்த மகளின் நிறம் அது, மகளின் உயரம், ஒளிந்து அழும் குழந்தையின் சாயல். அது வருங்காலக் கொலை என்பதற்கான குறிகள் ஊரெங்கும் இருந்தன. துயருற்றவன் கண்ணுக்கு எல்லாம் நினைவாகவே தெரிகின்றன. இழப்பு நேர்ந்தபின் உலகிலுள்ள பொருள்கள் அனைத்தும் நடந்து முடிந்ததையே சுட்டுவனவாக மாறிவிடுகின்றன. இனி நடப்பதைச் சுட்டும் ஆற்றலை அவை இழந்துவிடுகின்றன. துயரைப் பற்றி இப்படம் கூறும் புதிய செய்தி இதுவே. பேய் துயரின் படைப்பு என்று படம் கூறவில்லை. எதிரே நிற்கும் ஊற்றை இறந்தகாலத்தின் நிழலாகத் திரித்துக் காட்டும் கண்ணாடி துயர் என்கிறது. ‘சிவப்பு உருவம் ஜானின் துயரே’ என எழுதும் திறனாய்வாளர் அக்கண்ணாடியைத் தாமும் அணிந்துகொள்கிறார்.

காலமயக்கம் அச்சத்திற்கு மட்டும் கருவியாகவில்லை. லாரா தேறிவந்த இரவில் கணவனும் மனைவியும் நெடுநாள் பிரிந்திருந்தபின் கூடும் காட்சி, வெளியான காலத்தில் தணிக்கை பற்றிய வழக்காறுகளாலேயே பேசப்பட்டது. அதன் கட்டமைப்பு குறைவாகவே பேசப்பட்டது. கூடலும், அதன்பின் இருவரும் தனித்தனியே உடையணிந்து வெளியே புறப்பட ஆயத்தமாதலும் ஊடும் பாவுமாக நெய்யப்பட்டுள்ளன. மகிழ்ச்சி நிகழும்போதே அது நினைவாக மாறிக்கொண்டிருக்கிறது. குழந்தையை இழந்த இருவர் ஒருவரையொருவர் மீண்டும் பெறும் ஒரே இடம் படத்தில் இதுதான். அங்கும் பிந்தைய காலம் புகுந்து நிற்கிறது; ஆயினும் அங்கு அச்சமில்லை.

அறியாத குறி

குறியைக் கண்டும் அறியாதவன் தமிழ் இலக்கியத்திற்குப் புதியவனல்லன். சிலப்பதிகாரக் கொலைக்களக் காதையில், சிலம்பை விற்கப் புறப்பட்ட கோவலனை ஆயர் தெருவில் இமிலேறு ஒன்று எதிர்க்கிறது. அது தீநிமித்தம். கோவலன் அதை அறியவில்லை. அவன் குலம் அவ்வறிவிற்கு உரியதன்று எனக் காரணமும் கூறுகிறார் இளங்கோவடிகள். இக்காரணம் ஆழமானது. நிமித்தம் கண்ணிருப்போர் எவரும் படிக்கத்தக்க பொதுஎழுத்தன்று. அது ஒரு சமூகத்தின் அறிவு. ஏற்றோடு வாழும் ஆயர்க்கு அது தெரியும்; வணிகன் மகனுக்குத் தெரியாது. கோவலன் மூடனல்லன், தான் பிறந்த அறிவுமரபிற்கு வெளியே நடந்துகொண்டிருந்தான்.

ஜானும் அத்தகையவனே. கணவனுக்கும் முன்னுணரும் ஆற்றல் உண்டு, அவன் அதை அறியாதிருக்கிறான் என ஹெதர் லாராவிடம் கூறுகிறாள். கற்களையும் வண்ணச் சில்லுகளையும் படிக்கத் தெரிந்தவன் அவன். பழைய சில்லிற்குப் புதிய சில்லு பொருந்துகிறதா எனச் சாரத்தின் உயரத்தில் நின்று ஒப்பிட்டுப் பார்ப்பவன். அவ்வொப்பீட்டின் நடுவே மரம் ஒன்று விழுந்து சாரம் சிதைய, கயிற்றைப் பற்றித் தொங்கி உயிர்தப்புகிறான். எச்சரிக்கை அதனினும் வெளிப்படையாக வர இயலாது. அவனது கல்வி அதை விபத்து எனப் பெயரிட்டு ஒதுக்கிவிடுகிறது. பார்வையுடையவன் காணாததைப் பார்வையற்றவள் காண்பதாக அமைத்தல் கிரேக்க நாடகங்கள் முதல் வழங்கிவரும் பழைய உத்திதான். படத்தின் வலிவு அதில் இல்லை. ஜான் எதை மறுக்கிறான், எதன்பின் ஓடுகிறான் என்பதில் உள்ள முரணே வலிவுடையது. மகள் இறந்துவிட்டாள், இறந்தவர் செய்தி அனுப்புவதில்லை என மனைவியிடம் கடிந்து கூறுபவன் அவனே. சிவப்பு உருவத்தின்பின் இரவில் ஓடுபவனும் அவனே. மகள் அருகிலிருக்கிறாள் என நம்பிய லாரா எந்த நிழலையும் துரத்தவில்லை. அவள் தேவாலயத்தில் மெழுகுவத்தி ஏற்றுகிறாள், அழுகிறாள், சிரிக்கிறாள், உண்கிறாள். நம்பிக்கை அவளது துயருக்கு ஒரு சடங்கைத் தந்தது. அறிவுடையவன் எனத் தன்னைக் கருதியவனுக்கோ, குளக்கரையில் எழுந்த அவ்வொலிக்குப் பின் அழுகையே வாய்க்கவில்லை.

வெனிஸ் நகரம் இவ்வறியாமைக்கு உருக்கொடுக்கிறது. சுற்றுலாப் பருவம் முடிந்த குளிர்காலம், விடுதியின் அறைகலன்கள் துணியால் மூடப்பட்டுவிட்டன, கதவுகள் அடைபடுகின்றன. இத்தாலியர் பேசும் இத்தாலிய மொழிக்குத் துணையெழுத்து இடப்படவில்லை. எனவே ஜானுக்கு அரைகுறையாக விளங்குவது பார்வையாளர்க்கு அறவே விளங்குவதில்லை. சந்துகளில் நடந்தவன் மீண்டும் தொடங்கிய இடத்திற்கே வருகிறான். அஞ்சலட்டைகளில் ஒளிரும் நகரம் இதுவன்று.

அழுகையும் அச்சமும்

மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று இழவு. அச்சத்திற்குக் கூறும் நான்கனுள் ஒன்று அணங்கு. பேய், பூதம் முதலியவற்றை உரையாசிரியர் அதில் அடக்குவர். இரண்டும் வெவ்வேறு மெய்ப்பாடுகளின் கீழ் வைக்கப்பட்டிருத்தல் தற்செயலன்று. இழவு நேர்ந்து முடிந்ததைப் பற்றியது. அணங்கு இனி நேர இருப்பதைப் பற்றியது. அழுகை பின்னோக்கும், அச்சம் முன்னோக்கும். உருவக வாசிப்பு அணங்கை இழவாக்கி, அச்சத்தை அழுகையில் கரைத்துவிடுகிறது. அவ்வாறு கரைத்தபின் படத்தில் எஞ்சுவது உளநோய்க் குறிப்பு மட்டுமே. ரோக் இரண்டையும் கரைக்கவில்லை. ஒன்றை மற்றொன்றாகப் பிழைபடக் கண்ட ஒருவனைக் காட்டினார். இக்காலத் தமிழ் வழக்கில் ‘இழவு’ என்னும் சொல் இழப்பை விட்டுச் சாவு வீட்டையும் சாச்சடங்கையுமே பெரிதும் குறிக்கிறது. ஜான் மகளின் இழவையே நினைத்துக் கொண்டிருந்தான். கால்வாயில் எதிரே வந்தது அவனது இழவு.

இவ்வினா ஒரு படத்தோடு முடிவதன்று. கொலையுண்டும் அகாலமாய் இறந்தும் தெய்வமானோர் பற்றிய நாட்டார் கதைகளை ஆராயுங்காலும் இதே வாய்பாடு எளிதிற் கைவருகிறது. அத்தெய்வம் சமூகக் குற்றவுணர்வின் உருவகம், ஒடுக்கப்பட்ட சினத்தின் குறியீடு என எழுதிவிட்டால் ஆய்வு நிறைவுற்றதாகிறது. அவ்வாறு எழுதுவதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அத்தெய்வத்தின் முன் நிற்போர் குறியீட்டின் முன் நிற்பதில்லை. அவர்கள் குறி கேட்கின்றனர், விடை பெறுகின்றனர், அவ்விடைக்கேற்பத் திருமணத்தைத் தள்ளிவைக்கின்றனர், பயணத்தைக் கைவிடுகின்றனர். அவ்வறிவைப் பொருள்பெயர்த்து முடித்துவிடும் ஆய்வாளர், நிமித்தம் எதைச் சொல்லிற்று என்பதைக் கேளாமலே அது எதைக் குறிக்கிறது எனக் கூறிவிடுகிறார். நம்புதல் வேண்டும் என்பது இங்கே கோரிக்கையன்று. இளங்கோவடிகள் ஏற்றின் நிமித்தத்தைப் பதிவுசெய்தபோது தாம் நம்புவதையோ நம்பாததையோ கூறவில்லை; எவர்க்கு அது தெரியும், எவர்க்குத் தெரியாது என்பதையே கூறினார். ஆய்விற்குப் போதிய தொடக்கம் அது.

படத்தின் குறையையும் சுட்டுதல் வேண்டும். கொலையாளியாக வரும் பெண்ணுக்குப் பெயரில்லை, கொலைக்குக் காரணமில்லை, படத்தில் அவளுக்குரியது உடலின் குள்ளமும் முகத்தின் முதுமையும் மட்டுமே. உடல் வேறுபாட்டையே கொடுமையின் அடையாளமாக்கும் பழக்கம் டு மோரியரின் கதையிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளப்பட்டது. மூலத்தில் இரு பெரும் மாற்றங்களைத் துணிந்து செய்த படைப்பாளர்கள் இதை ஏன் மாற்றாது விட்டனர் என்னும் வினா நியாயமானது. குழந்தையை எதிர்நோக்கிய கண் முதியவளைக் காணும்போது எழும் அதிர்ச்சிக்கு அவ்வுருவம் தேவைப்பட்டது என்பர். தேவைப்பட்டது அளவொத்த உருவமே. அதை அருவருப்பிற்குரியதாக்கிய ஒளியும் அண்மைக்காட்சியும் தேவைப்படவில்லை. காலத்தைப் பற்றி இத்துணை நுட்பமாகச் சிந்தித்த படம், இறுதி நொடிகளில் முகம் ஒன்றை வைத்து அச்சுறுத்தும் மலிவிற்கு இறங்கிவிடுகிறது. பிரித்தானியத் திரைப்பட நிறுவனம் 1999இல் வெளியிட்ட சிறந்த நூறு பிரித்தானியப் படங்களின் பட்டியலில் எட்டாம் இடம் பெற்ற படத்திற்கு இக்குறையைச் சுட்டுவது மதிப்பைக் குறைப்பதாகாது.

கத்தி பாய்ந்தபின் நிகழ்வது மீண்டும் படத்தை அதன் உயரத்திற்குக் கொண்டுசெல்கிறது. சாகும் ஜானின் கண்முன் அதுவரை வந்த காட்சிகள் சிதறிச் சிதறித் தோன்றுகின்றன: குளம், உடைந்த கண்ணாடி, சில்லில் வளைந்து பரவிய சிவப்பு, படகு. அவை நினைவுகளாக வரவில்லை. எக்காலத்திற்குரியன என்பது அப்போதுதான் விளங்கி, ஒவ்வொன்றும் தன் இடத்திற் சென்று பொருந்துகின்றன. சில்லுகளைப் பொருத்துவதே தொழிலாகக் கொண்டவனுக்கு அப்பொருத்தம் கைகூடும்போது அவன் குருதி தரையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பின்னர்ச் சவ ஊர்வலம். முன்பு கண்ட அதே படகு, அதே கறுப்புடை, லாராவும் இருபுறமும் இரு சகோதரியரும். லாராவின் முகத்தில் மெல்லிய முறுவல் ஒன்று தோன்றி நிற்கிறது. கணவனும் மகளும் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டனர் என அவள் எண்ணுகிறாளா என்பதைப் படம் கூறவில்லை. முதன்முறை அப்படகு வந்தபோது எதிர்ப் படகிலிருந்து ஒருவன் அவள் பெயரைச் சொல்லிக் கூவினான். இம்முறை கூவுவோர் எவருமில்லை.